தவமலர் மிஸ் தேடிய காரணம்

செய்தி வந்தபோது நான் பூவரசங்குளத்தில், எங்கள் வயல் வரம்பில் நின்றுகொண்டிருந்தேன். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த இரைச்சலில் கைத்தொலைபேசி மூன்று முறை அடித்தது எனக்குக் கேட்கவில்லை. நான்காவது முறை சட்டைப்பைக்குள் அதிர்ந்தபோதுதான் எடுத்தேன். பேசியவர் தவமலர் மிஸ்ஸின் தம்பி சிவநேசன்.

"முத்துவேல் அண்ணை, அக்கா போட்டா."

"என்ன? கேக்கேல்லை. மெசின் ஓடுது பக்கத்திலை."

"அக்கா போட்டா அண்ணை. காலமை நெஞ்சுக்குள்ளை நோகுதெண்டு சொன்னவா. கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது."

கூடப்பிறந்தவரைக் கொண்டு அந்தச் செய்தியை இரண்டு முறை சொல்லவைத்துவிட்டேன் என்பது வயலைக் கடந்து வீதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மெசின்காரர் பின்னால் நின்று கூப்பிட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்று கேட்டிருப்பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஸ்ஸை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். திருமதி தவமலர் அவர்கள் தர்மபுரத்தில் பிறந்தவர். தகப்பனார் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். மிஸ் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு படித்திருக்க வேண்டிய ஆண்டுகளை யுத்தம் எடுத்துக்கொண்டது. எல்லாம் முடிந்து, அகதி முகாமின் தறப்பாள் கொட்டில்களும் முடிந்து, நாற்பது வயது கடந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு உத்தியோகத்தராகச் சேர்ந்து, அங்கிருந்தே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தார்.

நான் அதே இடத்தில் ஆய்வுகூட உதவியாளன். என் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். வயதில் நான் அவரைவிட இரண்டு ஆண்டு மூத்தவன். ஆனாலும் அவர் எனக்கு மிஸ், நான் அவருக்கு முத்துவேல். பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தோம். கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். எழுதிப் பழகியது போத்தல்களில் ஒட்டும் லேபல்களும் ஆய்வுப் புத்தகத்தின் பத்திகளும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிவநேசன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அந்தக் காத்துக் கதை மட்டும் வேண்டாம் அண்ணை. அக்கா அதாலை பட்டது போதும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டம். அந்தக் கதையை விட்டால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அது அவருடைய கதை மட்டும் அல்ல.

எங்கள் ஆய்வுகூடம் ஒரு வீடு என்றேனல்லவா. வெடிப்பில்லாத சீமெந்துத் தரையும் புகை போகும் வழியும் இருந்த ஒரே அறை குசினி. ஆகவே பாதரச வேலை குசினியில் நடந்தது. யாராவது தொலைபேசியில் கேட்டால் "மிஸ் குசினியிலை" என்போம். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் அதைக் கேட்டு, வேலை நேரத்தில் என்ன சமையல் என்று எங்கள் பொறுப்பதிகாரிக்கு எழுதிவிட்டார். மிஸ் அதற்கு ஒரு பக்கப் பதில் எழுதினார். "இங்கு சமைப்பதைச் சாப்பிட முடியாது" என்பது அதன் கடைசி வரி.

அங்கே நடந்தது இதுதான். தலைமயிர் அளவு துளையுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். மேலே ஒரு போத்தலில் பாதரசம். குழாயின் நுனியில் பாதரசம் மணியாகத் திரண்டு, நாலு விநாடிக்கு ஒருக்கால் கரைசலுக்குள் விழும். அந்த மணிதான் மின்வாய். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், கரைசலில் உள்ள பொருள் ஒரு கட்டத்தில் அந்த மணியிலிருந்து இலத்திரனை வாங்கத் தொடங்கும். அப்போது பேனை தாளில் ஒரு படி ஏறும். எந்த வோல்ட்டில் படி ஏறுகிறது, எத்தனை படி என்பதுதான் அளவீடு. வேறு உலோகத்தை வைத்தால் அதன்மேல் அழுக்குப் படியும், தேய்த்துத் தேய்த்துத்தான் பாவிக்க வேண்டும். "இதிலை அந்தக் கரைச்சல் இல்லை முத்துவேல். ஒவ்வொரு துளியும் புதுசு. முன்னுக்கு விழுந்ததின்ரை ஊத்தை ஒண்டும் இதிலை ஒட்டாது" என்று மிஸ் சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சிந்திய பாதரசத்தை வழித்து எடுத்தேன். அன்று மாலை பார்த்தால் என் கலியாண மோதிரம் வெள்ளையாகிவிட்டது. பாதரசம் பொன்னோடு கலந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் மனைவி பரமேஸ்வரி மோதிரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்னாங்க, தங்கத்த வித்துட்டு வெள்ளி வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தீங்களா?" என்றாள். பாதரசம் என்றேன். நம்பவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு வந்தது, கதை வரவில்லை.

நான்காம் நாள் மிஸ் பஸ் ஏறிப் பூவரசங்குளத்துக்கு வந்துவிட்டார். எங்கள் குசினிக்குள் பலகையில் இருந்து பரமேஸ்வரிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். "இவரிலை பிழை இல்லைத் தங்கச்சி. கழட்டிப்போட்டு வாங்கோ எண்டு நான் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை" என்றார். நகைக்கடையில் கொடுத்து நெருப்பில் காட்டினால் நிறம் திரும்பும், ஆனால் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும், ஆகவே ஒருவரும் சூடாக்கக்கூடாது என்று மோதிரத்தை ஒரு சிறு போத்தலில் இட்டு, மெழுகால் வாயடைத்து, கைப்பையிலிருந்து லேபல் எடுத்து எழுதினார். அவருடைய லேபல்கள் எல்லாம் ஒரே மாதிரி நாலு வரி.

பொருள்: பொன் மோதிரம். நடந்தது: பாதரசம் பட்டது. காரணம்: கழற்றும்படி சொல்லப்படவில்லை. பொறுப்பு: தவமலர்.

அந்தப் போத்தல் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. பரமேஸ்வரி அதன் பிறகு மிஸ்ஸை அக்கா என்றே கூப்பிட்டாள். மறுநாள் ஆய்வுகூடக் குசினிக் கதவில் "பொன்னோடு உள்ளே வரவேண்டாம்" என்று ஓர் அறிவித்தல் தொங்கியது.

அந்த அறிவித்தல் முதலில் மாட்டியது மிஸ்ஸின் கழுத்தைத்தான். அவருடைய கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. மிஸ் பொட்டும் தாலிக்கொடியும் விடவில்லை. முன்பெல்லாம் கொடியைச் சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். எனக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்று இருக்க அவரால் முடியாது. அறிவித்தல் தொங்கிய அன்று கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொடியைக் கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்து என் கையில் தந்தார்.

"இதைப் பூட்டி வையுங்கோ முத்துவேல். பின்னேரம் நான் கேக்காட்டியும் தாங்கோ."

அன்றிலிருந்து வேலைநாள் ஒவ்வொன்றிலும் காலையில் என் கையில் தருவார், மாலையில் என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரு சொல்லும் பேசமாட்டார். நானும் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. எவருடைய கையை அவர் அப்படி நம்பினார் என்பதை வாசிப்பவர்கள் அறிய வேண்டும்.

அவர் அளந்தது போர்பிரின் என்ற வகைப் பொருட்களை. அது என்ன என்று பரமேஸ்வரி ஒரு முறை கேட்டபோது, வேலியில் நின்ற முருங்கையில் ஓர் இலையைப் பிடுங்கிக் காட்டினார். "இந்தப் பச்சைக்குள்ளை ஒரு வளையம் இருக்கு. எங்கடை இரத்தத்தின்ரை சிவப்புக்குள்ளையும் கிட்டத்தட்ட அதே வளையம்தான். இலையிலை நடுவிலை மக்னீசியம், இரத்தத்திலை இரும்பு. கதிரை ஒண்டு, இருக்கிற ஆள்தான் வேறை" என்றார். தர்மபுரத்துத் தோட்டத்திலிருந்து பசளிக் கீரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். பாதி சமையலுக்கு, பாதி ஆய்வுக்கு. கீரையின் பச்சையைப் பிரித்து, நடுவிலிருந்த மக்னீசியத்தை எடுத்துவிட்டு, வேறு உலோகங்களை இருத்தி, ஒவ்வொன்றும் எந்த வோல்ட்டில் இலத்திரன் வாங்குகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

இந்த வேலைக்கு ஒரு பெரிய எதிரி காற்று. காற்றிலுள்ள ஒட்சிசன் கரைசலில் கரைந்திருக்கும். அதுவும் பாதரச மணியிலிருந்து இலத்திரன் வாங்கும், அதுவும் தாளில் படி ஏற்றும். ஆகவே அளக்கமுன் நைதரசனைக் கரைசலுக்குள் குமிழியாக விட்டு ஒட்சிசனை வெளியேற்ற வேண்டும். எங்கள் கணக்கு இருபது நிமிடம். நைதரசன் சிலிண்டர் பின் விறாந்தையில் தூணோடு கட்டியிருந்தது. அதைத் திறப்பதும் பூட்டுவதும் என் வேலை. ஆய்வுப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு. "வாயு, நிமிடம்" என்று தலைப்பு. அதையும் நான்தான் நிரப்புவேன். மிஸ் புத்தகத்தை என்னிடம் முதல்முறை தந்தபோது சொன்னது ஒன்றே ஒன்று. "நடக்க வேண்டியதை எழுதாதேங்கோ. நடந்ததை எழுதுங்கோ."

பிறகு நாடு பணமில்லாமல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. அதை நான் விவரிக்கத் தேவையில்லை, எல்லோரும் நின்றோம். கொழும்பிலிருந்து சிலிண்டர் ஏற்றிவரும் லொறி வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று மாதங்கள் போயின. எங்களிடம் இருந்தது கடைசிச் சிலிண்டர். அதன் முள் கீழே இறங்குவதைத் தினமும் நான்தான் பார்த்தேன். மிஸ்ஸின் ஆய்வுக்குக் கடைசிப் பகுதி அளவீடுகள் மட்டும் மிச்சம். வாயு முடிந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் திட்டம் மூடப்படும். நான் அப்போது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக நியமனத்தில் இருந்தேன். திட்டம் மூடினால் என் வேலையும் போகும்.

ஒரு காலை, கரைசலை வைத்துக் குழாயைப் பொருத்திவிட்டு, வால்வைத் திறக்காமல் கதிரையில் இருந்தேன். பதினைந்து நிமிடம் சும்மா இருந்தேன். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வாயுவை விட்டேன். பிறகு "மிஸ், ரெடி" என்று கூப்பிட்டேன். புத்தகத்தில் இருபது என்று எழுதினேன்.

எழுதும்போது குற்றம் உறுத்தியது என்று சொன்னால் அது பொய். மிஸ்ஸுக்காகத்தான் செய்கிறேன், வாயுவை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அது பாதி உண்மை. மற்றப் பாதி என் நியமனம்.

மறுநாளும் அப்படியே செய்தேன். லொறி வரும்வரை எல்லா நாளும் அப்படியே. வேலையில் நான் ஒழுங்கானவன். ஒரு நாள் நாலு, ஒரு நாள் ஏழு என்று விட்டிருந்தால் மிஸ் அன்றே பிடித்திருப்பார். எப்போதும் சரியாக ஐந்து நிமிடம். ஆகவே தாளில் ஏறிய படியும் எப்போதும் ஒரே உயரம்.

அதுவரை இரண்டு படி காட்டிய பொருள், அந்த இரண்டுக்கும் முன்னால் புதிதாக ஒன்றோடு மூன்று காட்டத் தொடங்கியது. மிஸ்ஸின் முகத்தை அந்த நாட்களில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் நம்பவில்லை. பாதரசத்தைக் கழுவிப் பார்த்தார், கரைசலைப் புதிதாகச் செய்து பார்த்தார். படி அப்படியே இருந்தது. கீரைப் பொருள் இல்லாத வெறும் கரைப்பானை அவர் ஆரம்பத்தில், வாயு தாராளமாக இருந்த காலத்தில் அளந்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை. மறுபடி அதை அளந்து வாயுவைச் செலவழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். எனக்காக இரங்கிச் செய்த சிக்கனம் அது. "சிலிண்டரை நினைச்சு நீங்கள் படுற பாடு எனக்குத் தெரியும் முத்துவேல்" என்றார்.

மூன்றாவது படிதான் அவருடைய ஆய்வேட்டின் நெஞ்சாகிவிட்டது. இந்தப் பொருள் மற்றவர்கள் நினைத்ததைவிட இலகுவாக முதல் இலத்திரனை வாங்குகிறது என்று எழுதி, ஏட்டைச் சமர்ப்பித்தார். நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த இடைக்குள் லொறியும் வந்தது, புதுச் சிலிண்டரும் வந்தது. அன்றிலிருந்து நான் மறுபடி இருபது நிமிடம் விடத் தீர்மானித்திருந்தேன். என் மடைமையைப் பாருங்கள், அதோடு காரியம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் என் மூத்த மகள் வயசுக்கு வந்த சாமத்தியச் சடங்கு. நான் லீவு. பரீட்சகர்களுக்குக் காட்டத் துப்புரவான வரைபடத் தாள் ஒன்று வேண்டும் என்று மிஸ் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, வால்வையும் தானே திறந்து, இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்று அளந்திருக்கிறார்.

திங்கட்கிழமை நான் போனபோது குசினியின் தரை முழுவதும் தாள் விரித்திருந்தது. ரின்னை என்னிடம் தரவில்லை. தாலிக்கொடி அதற்குள் இருந்தது, ரின் ஜன்னலில் கிடந்தது.

"மூண்டாவது படி இல்லை முத்துவேல்."

நான் தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தேன்.

"கொஞ்சம் காத்து விட்டுப் பாத்தன். திரும்பி வருது. அதே இடம். அது ஒட்சிசன்."

ஆய்வுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார்.

"எல்லாம் இருபது தானே?"

அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். பொய் எழுதினவன் என்று தெரிந்தால் நேர்முகம் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இதெல்லாம் நான் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொல்வதும் சரியல்ல. வாய் முந்திக்கொண்டது.

"ஓம் மிஸ். எல்லாம் இருபது."

"அப்ப பிழை வேறை எங்கையோ" என்றார். என் சொல்லை அவர் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிவிட்டார். ஒரு மாதம் தள்ளிப்போட்டு வேறு விளக்கம் தேடலாம் என்று பொறுப்பதிகாரி சொல்லிப் பார்த்தார். "பிழையெண்டு தெரிஞ்ச பிறகு அது என்ரை மேசையிலை ஒரு இரவு கிடக்கக்கூடாது, சேர்" என்றார் மிஸ். கடிதம் அரைப் பக்கம்தான். அதைத் தட்டச்சு செய்தவன் நான். கடைசி இரண்டு வரிகள் எனக்கு மனப்பாடம். "காரணம்: அறியப்படவில்லை. பொறுப்பு: என்னுடையது."

என் நியமனம் வந்தது. மிஸ்தான் முதலில் கைகொடுத்தார்.

இரசாயனம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வெட்கம் என்பது விளங்கும். வாயு விடுவது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லும் முதல் பாடம். கூட்டங்களில், தேநீர் இடைவேளைகளில், "காத்தைக் கண்டுபிடிச்ச மிஸ்" என்று அவருக்கு ஒரு பெயர் விழுந்தது. ஒரு முறை அவர் காதில் விழவே சொன்னார்கள். அவர் சிரித்தார். "கண்டுபிடிக்கேல்லை, நுழைய விட்டிட்டன்" என்றார். நான் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். அந்த நேரம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் தேநீரைக் குடித்தேன்.

ஓர் ஆண்டு போனது. பட்டத்தை மறுபடி தொடங்க அவருக்கு வயதும் இல்லை, தாயாரும் படுக்கையில் விழுந்துவிட்டார். வேலையை விட்டுத் தர்மபுரத்துக்குப் போனார். போன அன்று ரின்னை என்னிடமிருந்து வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். "இனி உங்களுக்கு இந்தக் காவல் வேலை இல்லை" என்றார். பிரியாவிடைக் கூட்டம் இல்லை, பத்திரிகையில் ஒரு செய்தி இல்லை, விருந்தும் இல்லை. பஸ்ஸுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துப் போன வருடம் ஒரு நாள் தர்மபுரத்துக்குப் போனேன். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து இன்னொரு பஸ். வழி முழுவதும் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். படலையைத் திறந்தபோது மிஸ் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு பேசின் நிறையத் தண்ணீர். கையில் ஒரு நீளமான இறப்பர் ரியூப். ஒரு முனையைத் தண்ணீருக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு, மறு முனையில் சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். அது எங்கள் நைதரசன் ரியூப். புதியது மாற்றியபோது பழையதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"வாங்கோ முத்துவேல், இருங்கோ" என்றார். பிறகு ரியூப்பைத் தூக்கிக் காட்டினார். "ஒரு முழம் ஒரு முழமாப் பாத்திட்டன். இதிலை ஒரு ஓட்டையும் இல்லை."

"இன்னும் ஏன் மிஸ் இதைப் பாக்கிறியள்?"

"பட்டம் போனது போகட்டும். எப்பிடி உள்ளுக்கு வந்தது எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு."

ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் என் வாயில் இல்லை. மிஸ் தேநீர் போட்டார். தாயாரின் மருந்து, வயலில் தண்ணீர், என் மகளின் படிப்பு என்று கதை போனது. புறப்படும்போது பயித்தங்காய் ஒரு கட்டு பிடுங்கித் தந்தார். படலைவரை வந்து, "சிலிண்டர் இப்ப ஒழுங்கா வருதோ?" என்று கேட்டார்.

"வருது மிஸ்."

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் வேண்டுமென்று கேட்டாரா, எனக்கு வழி விட்டாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருந்தது என்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அவர் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார். பயித்தங்காயோடு பஸ் ஏறினேன். அதுதான் நான் அவரை உயிரோடு கண்ட கடைசி முறை.

மரணவீட்டில், பாதரசம்தான் ஆளைக் கொண்டுபோனது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அது உண்மையல்ல. பாதரசத்தை அவரைவிடக் கவனமாகக் கையாண்டவரை நான் கண்டதில்லை. அவருடைய தகப்பன் வழியில் எல்லோருக்கும் இருதய வருத்தம். பெட்டிக்குள் வைத்தபோது தாலிக்கொடியைக் கழற்றுவதா விடுவதா என்று பெண்களுக்குள் ஒரு தயக்கம் வந்தது. கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்தால்தானே முறை சொல்ல முடியும். வயதான ஒருவர் கழற்றக் கை நீட்டியபோது சிவநேசன் தடுத்தார். "பின்னேரங்களிலை அவா போட்டபடிதான் இருந்தவா. அப்பிடியே விடுங்கோ" என்றார். அது பின்னேரம்தான், மூன்று மணி இருக்கும். நான் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கமுன், தர்மபுரத்துக்குக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொன்ன கதையைத்தான் எழுதியிருக்கிறேன் என்பதைச் சிவநேசனுக்கு நேரில் சொல்ல வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். அவர் கதிரையில் இருந்து வாசித்தார். ஐந்து நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப மேலிருந்து வாசித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"ஏன் அண்ணை இப்ப?" என்றார்.

"வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லைத் தம்பி."

"போன மாதமும் அந்த ரியூப்பைப் பாத்துக்கொண்டிருந்தவா." தாளை மடித்தார். "உங்களிலை கோவப்பட்டிருக்க மாட்டா. நிம்மதியாப் படுத்திருப்பா. ஒரு சொல்லுத்தானே அண்ணை."

நான் அவர் மடித்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் எழுந்து உள்ளே போனார். நான் போகச் சொல்கிறார் என்று நினைத்துப் படலைப் பக்கம் திரும்பினேன். கூப்பிட்டார். கையில் அந்த ரியூப் இருந்தது, சுருட்டி நூலால் கட்டி. அதில் ஒரு லேபல். மிஸ்ஸின் எழுத்து. பொருளும் நடந்ததும் பொறுப்பும் நிரப்பியிருந்தது. காரணம் என்ற வரி வெறுமையாக இருந்தது.

"கட்டுரையிலை ஒரு சொல்லும் வெட்டமாட்டன். அப்பிடியே போடுறன்" என்றார் சிவநேசன். "இதை நீங்கள் கொண்டுபோங்கோ. நிரப்ப வேண்டிய ஆள் நீங்கள்."

இதை வாசிக்கும் கல்விமான்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தவமலர் மிஸ் கவனக்குறைவானவர் என்று நீங்கள் எங்காவது சொல்லியிருந்தால், அதைச் சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை எங்கள் நிலையத்துக்கும் அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பல்கலைக்கழகத்துக்கும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். என் வேலையை அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் பாடு. பரமேஸ்வரிக்கும் சொல்லிவிட்டேன். அவள் மோதிரப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. இந்த முறை அவளுக்கு விளக்கம் சொல்ல வருவதற்கு ஆள் இல்லை.

லேபலை நிரப்பிவிட்டேன், மிஸ். நீங்கள் சொன்னபடி, நடந்ததை எழுதியிருக்கிறேன்.

பொருள்: மூன்றாவது படி.

நடந்தது: கரைசலில் ஒட்சிசன் இருந்தது.

காரணம்: நைதரசன் ஐந்து நிமிடம் மட்டும் விடப்பட்டது. புத்தகத்தில் இருபது என்று எழுதப்பட்டது.

பொறுப்பு என்ற வரியில் உங்கள் பெயர் இருந்தது. அதை ஒரு கோட்டால் வெட்டி, கீழே முத்துவேல் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

போய்வாருங்கள் மிஸ். அந்த ரியூப்பில் ஓட்டை இல்லை. தேடினது போதும், கீழே வையுங்கோ.